இடிக்காத கார்

இறந்தவர்கள் விளையாடிய விதத்தைக் கற்றுக்கொண்டு அவர்களாகவே தொடர்ந்து ஆடும் வீடியோ கேம் கன்சோல் அது. அதற்குப் புதிய சிப்பைத் தேர்வு செய்வது தமயந்தியின் வேலை. சோதனைக்கு, இறந்துபோன தன் மகன் பரிதியையே கார் பந்தயத்தில் ஓடவிட்டாள். பழைய சிப்பில் அவன் பாலத்து வளைவில் காரை இடித்துவிட்டு, அப்பாவின் கார் வந்து சேரும்வரை நிற்பான். புதியதில் இடிக்காமல் பறந்தான்.

"பையன் பின்றான்க்கா! தப்பையெல்லாம் சிப்பே திருத்திடுது," என்றான் உடன் வேலைபார்க்கும் கோகுல்.

"இடிச்சாத்தான்டா அவன் நிப்பான்."

"அத எந்தக் கட்டத்துல எழுதுறது?"

படிவத்தில் வேகம், சூடு, விலை மட்டுமே இருந்தன. மூன்றிலும் புதியதே முந்தியது. தமயந்தி கையெழுத்திட்டாள்.

ஆறு மாதத்தில் வீடுகளில் பழைய கன்சோல்கள் போய்ப் புதியவை வந்தன. புதியதில் ஆடிய முதல் நாளே அவள் கணவர் வீட்டிலிருந்து அவளது அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"பரிதி எனக்காக நிக்கவே இல்ல, தமயந்தி. அவனுக்கு என்மேல என்ன கோவம்?"