தான்ஸ்

இந்தக் கருப்பு உடையை நாளைக்கு மடித்து வைத்துவிடலாமா? பிடில் சத்தத்துக்குத் தானாகத் தாளம் போட்ட பாதத்தை நோயெலா பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள். கடலுக்குப் போனவனுக்காக ஐந்து வருடம். போதாதா?

மாஹே தீவில் அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா மரியெட்டாவின் மகளுக்கு அன்று கல்யாணம். கணவனின் படகு கவிழ்ந்த பிறகுதான் நோயெலா லா டீக் தீவை விட்டு இங்கே வந்தாள். அவனை இங்கே யாரும் பார்த்ததில்லை.

“அங்க பாரு, மாப்பிள்ளை வீட்டோட மொம்பாசாவிலிருந்து வந்தவராம். வந்ததிலிருந்து உன்னையேதான் பார்க்குறாரு,” என்றாள் மரியெட்டா.

“பக்கத்துல பொண்டாட்டி இருக்காளேக்கா,” என்றபடி நோயெலா நிமிர்ந்தாள். பாதம் நின்றுவிட்டது.

“இருக்கட்டுமே. அவளுக்கு ஆடத் தெரியாதாம். ஆட்டம்தானே கேட்கப்போறாரு, அடுப்படியையா?”

பிடில்காரர் பக்கத்தில் நின்று ஆட்டத்தை நடத்திய கிழவர் ஜோடி சேரச் சொல்லிக் கூவினார். அவன் நேராக அவளிடம் வந்தான்.

“தான்ஸ்?”

இந்தத் தீவுகளில் ஆட அழைக்க அந்த ஒரு சொல் போதும். அவன் கை அவளுடைய இடது கைக்காக நீண்டிருந்தது. சிறுவயதில் விழுந்ததிலிருந்து அவளுக்கு வலது மணிக்கட்டு மடங்காது. அதை மறைக்கத்தான் நீளக் கை வைத்துத் தைத்திருந்தாள்.

“போடி,” என்று மரியெட்டா முதுகில் இடித்தாள். “அழுதது போதும். செத்தவரு வந்து கோவிச்சுக்கப் போறாரா?”

எதிரே அவன் மனைவி கூச்சமாகச் சிரித்து, போங்கள் என்பதுபோல் தலையசைத்தாள். மடியில் கொள்ளாத அளவு வளர்ந்த பையன் ஒருவன் அவள்மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். நோயெலாவும் பதிலுக்குச் சிரித்தாள். கோயிலில் இத்தனை காலம் ஏற்றிய மெழுகுவர்த்திகளின் புகையெல்லாம் இப்போதுதான் கண்ணில் ஏறியதுபோல் இருந்தது.

“மறுக்காத,” என்றான் அவன் மெல்ல. “எல்லாரும் பார்க்குறாங்க.”

அவள் கருப்புச் சட்டையின் கையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். குரல் அவனுக்கு மட்டும் கேட்டது.

“துக்கத்துல இருக்கிறவ ஆடக் கூடாது, கஸ்தோன். செத்தது நீதானே.”