பிடித்தால் விடாத தாழ்ப்பாள்

இருட்டியதும் வாசற்கதவில் சர்ரென்று ஏதோ உராய்ந்தது.

"காற்றாயிருக்கும்," என்றது கொக்கி. "எனக்கு எல்லோரோடும் ஒத்துப்போகிற சுபாவம். தள்ளினால் விட்டுக்கொடுத்துவிடுவேன். நீதான் முரடு, அண்ணே. உன்னை இழுத்து இந்த வீட்டுப் பெண்ணின் விரலே புண்ணாகிவிட்டது. நாளைக்கு ஆசாரி உன்னைக் கழற்றப்போகிறார்."

"போன இடத்தில் அப்படியே நிற்பது என் பிறவிக்குணம்," என்றது தாழ்ப்பாள். "இதை வைத்துக்கொண்டு எந்த வேலைக்கு ஆவேன்?"

மறுபடியும் சத்தம். கதவு அதிர்ந்தது.

"யாருங்க? வாங்க!" என்று கொக்கி பாதி நழுவியது.

உள்ளேயிருந்து கைக்குழந்தையோடு ஓடிவந்த அந்தப் பெண், குழந்தைக்குத் தேய்க்கும் எண்ணெயைத் தாழ்ப்பாளில் ஊற்றி அழுத்தினாள். "மாதாவே, இது நகரணும்!"

"நகர்கிறேன், தாயே. திரும்பி வரத்தான் எனக்குத் தெரியாது."

கிறீச்சிட்டபடி அது துளைக்குள் போய் நின்றது. வெளியே யாரோ தோளால் முட்டினார்கள். கொக்கி கழன்று விழுந்தது. கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது.