கடப்படிச் சட்டம்

இதை எனக்கு முதன்முதல் சொன்னவர் காரைதீவு அழகரெத்தினம் தம்பி. எண்பத்திரெண்டில், நோன்புப் பெருநாளுக்கு அடுத்த நாள், எங்கள் வீட்டு விறாந்தையில் வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டு சொன்னார்.

"அக்கா, கோவிக்கப்படாது. ரெயில்வேயில அப்பிடியொரு சட்டமே இல்ல."



எந்தச் சட்டம் என்று சொல்ல வேண்டுமே.

என் மாப்பிள்ளை அச்சிமுகம்மது கோச்சி றைவர். எங்கள் கல்முனையில் தண்டவாளமே கிடையாது. சுபஹுத் தொழுதுவிட்டு பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போய், அங்கிருந்து கொழும்புக் கோச்சியை ஓட்டுவார். லீவு கேட்டு அறியாத மனிசன். வீட்டில் நிற்கிற நாளிலும் சும்மா இருக்க மாட்டார். பிள்ளைகளை ஒருவர் பின்னால் ஒருவராக இருத்தி, தலைக்கு எண்ணெய் வைத்து விடுவார்.

எழுபத்தெட்டுச் சூறாவளியில் உடைந்த லைனைத் திருத்தி, கோச்சி திரும்ப ஓடத் தொடங்கின நேரம். நான் பாயும் நானுமாகக் கிடந்தேன். இவர் வந்து பக்கத்தில் குந்தினார்.

"றஹீமா, சூறாவளிக்குப் பிறகு புதுச் சட்டமொண்டு வந்திரிக்கி புள்ள. றைவர்ர பொஞ்சாதி முகம் கழுவி, தல வாரி, தெருவாசல் வேலிக் கடப்படி வரைக்கும் நடந்து வந்து சோத்துப் பார்சலக் கையில தரணும். தந்து, 'லைன் கிளியர்' எண்டு சத்தமாச் சொல்லணும்."

"அவ்வளவுதானா?"

"இன்னமும் இரிக்கி. பார்சல் கட்டினவ முதல்ல அந்தச் சோத்துல நாலு வாய் திண்டிரிக்கணும். றைவருக்கு வயித்துக் கோளாறு வந்தா முழுக் கோச்சிக்கும் ஆபத்து."

"செய்யாட்டி?"

"கோச்சி எடுக்க ஏலா."

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கவர்மெண்ட் என்ற சொல்லைக் கேட்டாலே முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்கிற ஆள். நம்பிவிட்டேன்.

நம்பினது மட்டுமா? கொழும்புக் கோச்சி என் வாயால்தான் ஓடுகிறது என்று ஒரு பெருமையும் வந்துவிட்டது. சம்பளமில்லாத ரெயில்வே உத்தியோகத்தர்! காய்ச்சல் என்றாலும் எழும்பிவிடுவேன். சனங்கள் ஸ்டேசனில் காய்ந்துகொண்டு நிற்குமே!

பக்கத்து வீட்டு சரீபா மச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பாள்.

"என்னகா றஹீமா, உன்ட ஊட்டோட வந்த மாப்பிள்ளையெண்டா உத்தரவு கேட்டுத்தான் வெளிக்கிடணுமோ? மனிசன் கடப்படியில கட்டின மாடு மாதிரி நிக்காரு!"

"உனக்கென்ன தெரியும்? இது ரெயில்வேச் சட்டம்."

"என்ட மனிசன் கவர்மெண்ட் கச்சேரியில கிளாக்கர். அவருக்கில்லாத சட்டமா?"

"கச்சேரி ஓடுதா? கோச்சி ஓடுது!"

அப்படி வாயடித்தவள் நான்.

அழகரெத்தினம் தம்பி இவரோடு எஞ்சினில் உதவிக்கு நிற்பவர். அவருக்குப் புதுசாகக் கலியாணம். எனக்குச் சும்மா இருக்க முடிந்ததா? பெரிய அனுபவசாலி மாதிரிக் கேட்டுவிட்டேன்.

"தம்பி, உங்கட பொஞ்சாதி சரியா லைன் கிளியர் சொல்றாவா? சட்டப்படி சோறு திங்கிறாவா?"

அதற்குத்தான் அந்த மறுமொழி.

"அப்ப இவ்வளவு காலமும் என்னை விசரியாக்கியிரிக்காரு!" என்றேன். இவர் அசர் தொழப் பள்ளிக்குப் போயிருந்தார். "வரட்டும். இண்டைக்கு நான் காட்டுறன் லைன் கிளியர்!"

சரீபாவின் முகம்தான் கண்ணுக்குள் வந்து நின்றது. அறிந்தாள் என்றால் மருதமுனை வரைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

தம்பி கரண்டியைக் கீழே வைத்தார்.

"அந்த முதல் நாள் ஞாபகம் இரிக்கா அக்கா? நீங்க எழும்பல்லயாம். அச்சிமுகம்மது காக்கா கடப்படியிலயே நிண்டிரிக்காரு. பஸ் போயிட்டு. மறுகா வந்த பஸ்ஸும் போயிட்டு."

ஞாபகம் வந்தது. வெயில் ஏறின பிறகுதான் நான் தட்டுத் தடுமாறிப் பார்சலோடு போனேன். நின்ற இடத்திலேயே நின்றார். சிரித்துக்கொண்டு வாங்கிப் போனார்.

"அண்டைக்குக் கோச்சிய வேற றைவர்தான் எடுத்தது. ரெயில்வேப் பெரியவர் கூப்பிட்டு நல்ல ஏச்சு. வேலை போற நிலைமை. காக்கா வாய் திறக்கல்ல."

"எனக்கிட்ட ஒண்டும் சொல்லல்லயே!"

"என்னட்ட மட்டும் சொன்னாரு. 'சூறாவளியில சுவர் விழுந்து எங்கட சின்ன மகள் மௌத்தான நாளிலயிரிந்து றஹீமா ஒழுங்கா ஒரு வாய் திங்கல்ல, வாசல் தாண்டல்ல. எனக்காக எழும்பு எண்டா எழும்பமாட்டா தம்பி. தனக்காகவும் எழும்பமாட்டா. முகம் தெரியாத சனம் ஸ்டேசன்ல காத்துக்கொண்டு நிக்கி எண்டா எழும்புவா. அவட மனசு அப்பிடி' எண்டாரு."

பள்ளியால் இவர் வந்துவிட்டார்.

"என்ன, ரெண்டு பேரும் பேச்சு மூச்சில்லாம இரிக்கீங்க?"

"வட்டிலப்பத்துக்கு இனிப்புக் கூடிட்டாம்," என்றேன், முக்காட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

பிள்ளைகள் இப்போது குடும்பமாகிவிட்டார்கள். பென்சனுக்குக் கிட்ட வந்தும் இவர் இன்னும் கோச்சி ஓட்டுகிறார். சட்டமும் அமுலில்தான் இருக்கிறது. கதை கிதை வாசிக்கிற மனிசன் இல்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் எங்கேயாவது அவரைக் கண்டால், எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லிப்போடாதீர்கள்.