அணைத்தாலும் நிற்கும் பக்கம்

"அணைச்சா அந்தப் பக்கம் போயிடுமா, போகாதா? முதல்ல அதைச் சொல்லுங்க."

கோமளவல்லி கேட்ட தோரணையில், களவுச் சாமானோடு பிடிபட்டவர் போல விழித்தார் கடைக்காரர் ஜாபிர். பாவம் மனிதர். புத்தகம் வாசிக்கிற மெஷின் கொழும்பு வெள்ளவத்தையில் அவருடைய போன் கடையில்தான் இருந்தது. அதுவும் அவருடைய நானா, அதாவது மூத்த சகோதரர், டுபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த இரண்டே இரண்டு. இரண்டையும் கண்ணாடிப் பெட்டிமேல் எடுத்து வைத்துவிட்டு, ஏன்தான் எடுத்தோமோ என்று நொந்துகொண்டிருந்தார்.

பெரியது பள்ளிக்கூடக் கொப்பி அளவு இருந்தது. கோமளவல்லியின் மகன் ஆனந்தகிருஷ்ணன் தன் பென்டிரைவைச் செருகி மின்சுற்றுப் பாடநூலைத் திறந்தான். ஒரு கோடு பிசகாமல் அச்சடித்த மாதிரித் தெரிந்தது.

சின்னதில் அதே படம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது.

ஆனால் பெரியதில் ஒரு சங்கதி. அணைத்தாலும் கடைசியாகப் பார்த்த பக்கம் திரையில் அப்படியே நிற்கும். பெற்றரிச் சார்ஜ் மிச்சம் என்று ஜாபிர் பெருமையாகச் சொல்லப்போய்த்தான் வம்பில் மாட்டிக்கொண்டார்.

"செக்பொயின்ட்ல பையைத் திறந்தா ஆமிக்காரன் கண்ணுல முதல்ல இந்தக் கோடுகள்தான் படும். எங்களுக்கு இருக்கிற வினை போதும். சின்னதைக் குடுங்க."

ஆனந்தகிருஷ்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறுதியாண்டுப் பரீட்சை கழுத்தை நெரிக்கிறது. படங்கள் தெரியாமல் எதைப் படிப்பது? வீட்டிலும் ஒரு புத்தகம் கிடையாது. இருந்ததையெல்லாம் அம்மா கொளுத்திவிட்டாள். பாடநூல், அகராதி, கடைசியில் அவளுடைய சமையல் புத்தகம்கூட மிஞ்சவில்லை. இனி ஒரு துண்டுக் காகிதமும் அவன் பையில் ஏறக்கூடாது என்று உத்தரவு வேறு.

அண்ணன் சத்தியநாராயணனைப் பாமன்கடைச் சந்தியில் ஆமி பிடித்துக்கொண்டு போன பிறகுதான் இவ்வளவும். அவன் பையில் இருந்தது ரேடியோ திருத்துகிற புத்தகம் ஒன்று. அதற்கும் அம்மாதான் சிங்களப் பேப்பரில் உறை போட்டுக் கொடுத்திருந்தாள். அவர்கள் ஒழுங்கையில் அனேகமாக எல்லா வீட்டிலும் அப்படித்தான். சிங்கள எழுத்தைக் கண்டால் பையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. அவர்கள் வீட்டில் எல்லாரும் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள். வாசிக்கத்தான் ஒருவருக்கும் தெரியாது.

அண்ணனோடு கூடப் போன சிநேகிதன் றவூப் அன்றைக்கே வீட்டுக்கு வந்து சொன்னான். ஆமிக்காரன் புத்தகத்தைத் திறக்கவேயில்லையாம். கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தானாம், மற்றவனைக் கூப்பிட்டானாம், அவ்வளவுதானாம்.

திறந்தே பார்க்காத புத்தகத்தில் என்ன குற்றத்தைக் கண்டார்கள் என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அம்மா அழவில்லை. எழுந்து குசினிக்குப் போய் நெருப்புப்பெட்டியைத் தேடினாள்.

அந்தக் கல்நெஞ்சை ஆனந்தகிருஷ்ணன் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"எனக்குப் படிப்பே வேணாம்மா. கதவைப் பூட்டிட்டு வீட்டிலயே கிடக்கிறேன். அண்ணா புத்தகத்தாலயா போனான்? தமிழனாப் பிறந்ததால போனான். அதையும் கொளுத்துங்க பார்ப்போம்!"

ஜாபிர் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தார். வடக்கே வன்னியில் சண்டை மும்முரமாக நடக்கிற காலத்தில், காலி வீதிக் கடையில் நின்று சத்தமாகச் சொல்கிற பேச்சா அது? நல்ல வேளை, வெளியே ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.

கோமளவல்லி மகனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கைப்பையைத் திறந்து பணத்தை எடுத்துக் கண்ணாடிமேல் வீசாத குறையாகப் போட்டாள். பெரியதையே கொடுத்துத் தொலைக்கச் சொன்னாள்.

இரண்டு பேரும் கடையை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது ஜாபிருக்கு. பெரியதை அவசரமாகப் பெட்டியில் போட்டார். மேசைக்கடியிலிருந்து பழைய சிங்களப் பேப்பர் தாள் ஒன்றை உருவி, பெட்டியைச் சுற்றப் போனார்.

கோமளவல்லியின் கை தாளை அமுக்கிப் பிடித்தது.

"இதுல என்ன போட்டிருக்கு? வாசிச்சுச் சொல்லுங்க."

சுற்றுகிற தாளிலும் குற்றம் பிடிக்கிற மனுஷியை ஜாபிர் அன்றுதான் பார்த்தார். காணி விற்பனை, மணமகள் தேவை என்று வேண்டாவெறுப்பாக வாசித்தார். மறுபக்கத்தையும் வாசிக்கச் சொன்னாள். கிரிக்கெட் என்றார்.

"மேப் ஏதும் இருக்கா? நல்லாப் பாருங்க. சண்டை நடக்கிற இடமெல்லாம் அம்புக்குறி போட்டுக் காட்டுவாங்களே, அந்த மாதிரி மேப்?"

குரல் என்னவோ அதே சண்டைக்காரக் குரல்தான். கை மட்டும் தாளை விடவில்லை.

ஆனந்தகிருஷ்ணனுக்கு அண்ணனின் புத்தகம் கண்முன் வந்தது. அதன் உறையில் வட்டங்களும் அம்புக்குறிகளும் போட்ட படம் ஒன்று இருந்தது. மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காட்டுகிறார்களாக்கும் என்று அவன்கூட அண்ணனைக் கேலி செய்திருக்கிறான். படம் சரியாக நடுவில் வரும்படி அம்மா அழகாக மடித்து ஒட்டியிருந்தாள்.

ஜாபிர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்றும் இல்லை என்றார்.

அம்மா தாளை விட்டாள்.

ஆனந்தகிருஷ்ணன் பெட்டியை ஜாபிர் பக்கம் தள்ளினான். சின்னதையே தரச் சொன்னான். தாளில் சுற்ற வேண்டாம், அப்படியே தாங்க என்றான்.