இன்னொரு கரண்டி

கூண்டு அட்டையில் எண்ணுக்குக் கீழே பென்சிலில் எழுதியிருந்தது: புஜ்ஜி.

அவள் அடுத்த கூண்டைப் பார்த்தாள். மொச்சை.

அதற்கடுத்தது, வாண்டு.

ஆய்வக எலி அறையின் மேல் வரிசை முழுக்க, அவளுக்குப் பின்னால் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பெனிட்டாவின் எலிகள். கீழ் வரிசையில் இருந்த தன் எலிகளுக்கு அவள் பெயர் வைத்ததில்லை.

புதன்கிழமை வேலை இது. ஒவ்வொரு கூண்டிலிருந்தும் ஒரு கரண்டி அழுக்கு உமியை எடுத்து, மூலையில் இருக்கும் காவல் எலிகளின் கூண்டில் போட வேண்டும். எந்தக் கூண்டில் வைரஸ் இருந்தாலும் காவல் எலிகளுக்குத் தொற்றும். பிறகு அவற்றின் ரத்தம் சொல்லிவிடும்.

எலிகளைப் பராமரிக்கும் சுயம்பு இன்று விடுப்பு. காலையில் போனில் சொன்னார்.

“மேல் வரிசைய மட்டும் விட்டுருங்க மேடம். நான் அதுல எடுக்கிறதே இல்ல. ஏதாச்சும் வந்துட்டா மொத்தத்தையும் கொன்னுருவாங்க. அந்தப் பிள்ள நல்லா வரட்டும்.”

நான்கு வருடமாக அவளும் இதே அறைக்குத்தான் வருகிறாள்.

அவளை அவர் மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

பெனிட்டாவின் எலிகளில் நோய் எதிர்ப்புக்கான ஒரு மரபணுவை நீக்கியிருந்தார்கள். அவற்றின் குடல் வீங்கியது. மரபணு இல்லாததால்தான் வீக்கம் என்று பெனிட்டா எழுதிய கட்டுரையை ஓர் ஆய்விதழில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அடுத்த மாதம் மேல் ஆராய்ச்சிக்கு ஜெர்மனிக்குப் போகிறாள்.

தன்னுடைய கட்டுரையோ இரண்டு முறை திரும்பி வந்தது.

வீக்கத்துக்குக் காரணம் வைரஸாகவும் இருக்கலாம். அப்படியானால் பெனிட்டாவின் கட்டுரை நிற்காது. இப்படிப்பட்ட எலிக்குள் நுழைந்துவிட்டால் அது வெளியேறாது. கொல்லவும் செய்யாது. கூடவே இருக்கும்.

சோதித்துப் பார்ப்பதுதான் நியாயம். அதை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள்.

வைரஸ் இருப்பது தெரிந்தால் அறையையே காலி செய்வார்கள். கீழ் வரிசை அவளுடையது. அறுபத்திரண்டு எலிகள். இன்னும் ஒரு முடிவும் தராத எலிகள்.

குனிந்து அவற்றைப் பார்த்தாள்.

நிமிர்ந்து புஜ்ஜியின் கூண்டைத் திறந்தாள்.

பின்னால் கதவு திறந்தது. முகக்கவசத்துக்கு மேலே பெனிட்டாவின் கண்கள் சிரித்தன.

“என் எலிக்கும் நீங்களே எடுக்கிறீங்களாக்கா? புஜ்ஜி கடிப்பா, பாத்து. இருங்க, நான் மூடியப் பிடிக்கிறேன்.”

பெனிட்டா காவல் எலிகளின் கூண்டு மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் புஜ்ஜியின் கூண்டிலிருந்து ஒரு கரண்டி உமியை அள்ளி வந்து அதில் கொட்டினாள்.

சோதனைக்கு அந்த ஒரு கரண்டியே போதும்.

திரும்பிப் போய் அதே கூண்டிலிருந்து இன்னொரு கரண்டி அள்ளினாள்.