வெளிச்சம் பார்க்க ஓர் ஆள்

போன வருடம் அவர் ஆடியபோது, மேடைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்று பார்த்தது.

யாரும் சுவிட்சைத் தொடவில்லை. மின்சாரமும் போகவில்லை. மின்வாரியத்தில் தலை நரைத்தவன் நான், எனக்குத் தெரியாதா? மூன்று இறக்கைகளும் தனித்தனியாகத் தெரியும்படி நின்றன. ஜன்னலில் வரிசையாக உட்கார்ந்திருந்த புறாக்கள் வாயிலிருந்த சுள்ளிகளைத் தவறவிட்டன.

"போன மாசம் சொல்றப்ப ஒரு புறாதானுங்களே சார்?" என்றார் சங்கச் செயலாளர் துரைராசு.

"குஞ்சு பொரிச்சிருக்கும்ல," என்றேன்.

வடவள்ளியில் எங்கள் நகர் நலச் சங்கம் வருடாவருடம் கலைவிழா நடத்தும். கோலம், கவியரங்கம், பிள்ளைகளின் நடனம். ஓய்வுபெற்ற கையோடு ஒரு கேமரா வாங்கினேன். அன்றிலிருந்து இந்தப் பக்கத்தில் சலங்கைச் சத்தம் கேட்கும் இடத்திலெல்லாம் நான் இருப்பேன். கூலி, ஒரு பொன்னாடை. வீட்டில் சேர்ந்திருப்பதையெல்லாம் சேர்த்துத் தைத்தால் மருதமலைக்கே போர்த்திவிடலாம்.

நான் சொல்வதை இப்போது எல்லோரும் தலையாட்டிக் கேட்கிறார்கள். நாற்காலி போடுகிறவர்கள்கூட.

நம்பாதவர் ஒரே ஒருவர்தான்.

ஆடியவர்.

அதோ, மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு சிறுமிக்குச் சடை பின்னிக்கொண்டிருக்கிறார். பல்லிடுக்கில் ஹேர்பின். வசந்தாமணியம்மா. ஆட வரும் பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பூவைத்துச் சலங்கை கட்டிவிடுவார். திரை விலகும்போது அதன் பின்னால் போய்விடுவார். சின்ன வயதில் நடனம் கற்றவராம். அரங்கேற்றத்துக்குப் பத்திரிகை அடிப்பதற்குள் கல்யாணத்துக்கு அடித்துவிட்டார்களாம். துரைராசு சொன்னது. அவர் வாய் திறந்ததில்லை.

படமெடுக்கிறவனுக்கு, நிகழ்ச்சிக்கு முன்னால் மேடையின் நடுவில் ஓர் ஆள் நிற்க வேண்டும். முகத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்துக் கேமராவைத் திருத்திக்கொள்ள.

எப்போதும் அவரைத்தான் கூப்பிடுவேன். கையில் சீப்போடு வந்து விளக்குக் கம்பம் போல நிற்பார். ஒரு க்ளிக். "போதுங்களா?" என்பார். போய்விடுவார். அந்தப் படத்தை அழித்துவிடுவேன்.

போன வருடமும் நின்றார்.

மைக்செட்காரர் வெளியே ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க ஒரு பாட்டைப் போட்டிருந்தார். கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும்.

அவர் சீப்பைக் கீழே வைத்தார்.

கூட்டாமல் சொன்னால் இவ்வளவுதான். முந்தானையை இடுப்பில் செருகினார். முட்டி முழுதாக மடங்கவில்லை. பாதி அரைமண்டியில் நின்றார். யாரையோ வாசலில் கண்டதுபோல ஒரு கை எழுந்தது. யாரும் இல்லை என்று தெரிந்ததுபோல அது இறங்கியது. பிறகு மெல்லச் சுற்றினார்.

கவுன்சிலர் கொட்டாவி விட்டாலே ஏழெட்டுப் படம் எடுக்கிற விரல் இது.

அன்று அமுக்கவில்லை.

கையில் கேமரா இருந்ததே நினைவில் இல்லை.

பாட்டு நின்றது. அவர் சீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலையே கேட்டேன்.

"நானுங்களா? மாடிப்படி ஏறவே முட்டி கெஞ்சுது. வெளிச்சம் பாக்க நின்னேன், அவ்வளவுதானுங்க சார்."

வீட்டுக்குப் போய்ப் படங்களைத் தேடினேன். கொட்டாவிகள் இருந்தன. அவர் இல்லை.

ஒரே ஒரு படம் இருந்திருந்தால் எனக்குப் புறா தேவைப்பட்டிருக்காது.

அதற்குப் பிறகு எந்த விழாவுக்குப் போனாலும், திரை விலகியதும் கண் மேடையின் நடுவில் அவரைத்தான் தேடியது. யார் யாரோ ஆடினார்கள். நன்றாகவே ஆடினார்கள்.

நாள் போகப் போக ஒரு பயம். புறாவை நான்தான் சேர்த்தேன். மின்விசிறியை நான்தான் நிறுத்தினேன். ஆட்டத்தையும் நானே சேர்த்துக்கொண்டேனோ?

தெரிந்தவர் உலகத்தில் ஒருவர். அவர் இல்லை என்கிறார்.

இன்று மறுபடி கூப்பிட்டேன்.

"வசந்தாமணியம்மா, வெளிச்சம் பாக்கணும்."

வந்தார். சீப்போடு நின்றார்.

கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டே துரைராசுவுக்கு உரக்கச் சொன்னேன். "கடைசியில ஒத்தக் கால்ல பத்துச் சுத்து சுத்துனாங்க பாருங்க! மருதமலை மயிலெல்லாம் வெக்கப்பட்டு ஊரையே காலி பண்ணிருச்சு!"

துரைராசு வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு, பந்தல்காரரைத் தேடி வெளியே போனார்.

வசந்தாமணியம்மா பல்லிடுக்கிலிருந்த ஹேர்பின்னை எடுத்தார்.

"பத்தெல்லாம் இல்லீங்க. ரெண்டு சுத்துதான்."

கேமரா என் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது. நல்லவேளை.

"ரெண்டாவதுல கால் தப்பிருச்சு. அதனாலதான் நீங்க எடுக்கலைன்னு நெனச்சுட்டனுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "க்ளிக்குனு சத்தம் வருமா, வருமான்னு கேட்டுட்டேதான் ஆடுனேன்."

கால் தப்பியதை நான் பார்க்கவே இல்லை.

அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஒரு புறாகூட வரவில்லை.

அவர் அண்ணாந்து பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆனா, அது நின்னது நெசந்தானுங்க சார்."

சீப்பைக் கீழே வைத்தார்.