கிப்சனின் முதல் பிரசங்கம்

ஜெபின் தன் உயிரை மாய்த்துக்கொண்ட நாளிலிருந்து அவன் அம்மா எஸ்தர்பாய்க்கு ஒரே கேள்விதான்: "எம்பிள்ளை இப்ப எங்க இருக்கான்?" அதற்குப் பதில் தேடித்தான் அண்ணன் கிப்சன் இறையியல் கல்லூரியில் சேர்ந்தான். எபிரேயமும் கிரேக்கமும் கற்றான், பேராசிரியர்களோடு மல்லுக்கட்டினான், பதில் மட்டும் கிடைக்கவில்லை.

படிப்பு முடியும் வருடம், சொந்த ஊர்க் கோயிலில் பிரசங்கம் செய்ய அனுப்பினார்கள். அங்கே வாசலிலேயே ஆளுக்கொரு காதுக்கருவி கொடுப்பார்கள். பிரசங்கி என்ன பேசினாலும், கேட்பவர் மனதுக்கு எது வேண்டுமோ அதைப் பிரசங்கியின் குரலிலேயே அது மாற்றிச் சொல்லிவிடும். "இன்னிக்கு மட்டும் அத மாட்டாதம்மா" என்று கெஞ்சியிருந்தான். அவளும் தலையாட்டியிருந்தாள்.

பீடத்தில் நின்று அவன் உண்மையைச் சொன்னான். "என் தம்பி எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. எந்தப் புத்தகத்திலும் இல்லை. உங்களோடு உட்கார்ந்து அழ மட்டும்தான் என்னால் முடியும்." கோயில் முழுக்கப் புன்னகைத்துக்கொண்டிருந்தது.

ஆராதனை முடிந்ததும் அம்மா ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். முக்காட்டுக்குள் காதுக்கருவி மினுங்கியது.

"எய்யா, தம்பி ஆண்டவர் மடியில இருக்கான்னு நீ ஒன் வாயால சொல்லிட்டே. இனி நான் அழமாட்டேன். நெசந்தானய்யா?"

"நெசந்தாம்மா" என்றான் கிப்சன்.

ஜெபினுக்காக அழ இனி அவன் ஒருவன்தான் மிச்சம்.